மாடி ஆபீஸின் பொதுக் கோப்பு

எங்கள் கணினித் தொழிலில், வேலைகளை வரிசையாகச் செய்யச் சொல்லும் ஸ்கிரிப்ட் ஒழுங்காக ஓடுகிற வரைக்கும் அதை எழுதியவர் யாரென்று ஒருத்தரும் கேட்கமாட்டார்கள். நின்றுபோன அன்றைக்கு மட்டும் மாடிப்படி ஏறும்போதே பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பக்கத்து சீட்டுக்காரர் எழுதியதை அப்படியே நகலெடுத்துவிட்டு, எந்த வரியை மாற்றினால் நமக்கு ஓடும் என்று தெரியாமல் முழித்த அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால் நீங்கள் நம்ம ஆள்தான், மேலே படியுங்கள்.

புதுச்சேரியில் பெரிய வாய்க்காலை ஒட்டியிருந்த ஒரு பழைய வீட்டின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. பிரான்சில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். நான், வீராம்பட்டினத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும் தமிழரசி, வில்லியனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த முருகையன் என்று மூன்றே பேர். முதலாளியை ‘முசே’ என்று கூப்பிடுவோம், பிரெஞ்சில் ‘ஐயா’ மாதிரி. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழர். பாரிசில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவர். நிரல் எழுதத் தெரியாது. ஆனால் எங்களுக்குள் யார் யாரிடம் இரண்டு நாளாகப் பேசவில்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

மூன்று அடுப்பு

எந்தக் கோப்பை யார் எப்போது மாற்றினார்கள் என்று நினைவு வைத்துக்கொள்ளும் ‘கிட்’ என்கிற ஏற்பாட்டில்தான் எங்கள் நிரல்கள் எல்லாம் இருந்தன. அதிலிருந்து சரியான பதிப்பை எடுத்து நூலகத்துக்கு அனுப்ப ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தோம். என்னுடையதைப் பார்த்துத் தமிழரசி எழுதினாள், அவளுடையதைப் பார்த்து முருகையன் எழுதினான். மூன்றும் அக்கா தங்கை மாதிரி ஒரே ஜாடை, ஆனால் குணம் வேறு வேறு.

ஒருநாள் பதிப்பை எடுக்கவேண்டிய இடம் மாறியது. நான் என்னுடையதில் திருத்தினேன், தமிழரசி அவளுடையதில் திருத்தினாள். முருகையன் விடுப்பில் இருந்தான். திரும்பி வந்து, வழக்கம்போல் அவன் ஸ்கிரிப்ட்டை ஓட்டினான். அது பழைய இடத்தில் கிடந்ததையே எடுத்து அனுப்பியது. நூலகத்துத் திரையில் போன வருஷத்துப் பக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. அங்கே புத்தகம் வாங்க வந்தவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருக்க, இங்கே நாங்கள் மூன்று பேரும் ‘என்னுது சரியாத்தான் இருக்கு’ என்று ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தோம். தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டு முடித்த முசே நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் நடுவில் உட்கார்ந்தார். “மூணு பேரும் வெக்கிறது ஒரே கொழம்புதானே? அப்புறம் எதுக்கு மூணு அடுப்பு?” என்றார்.

யார் வீட்டு ஃபங்ஷன்?

அப்படிப் பிறந்ததுதான் பொதுக் கோப்பு. மூவருக்கும் வேண்டிய சின்னச் சின்ன வேலைகளைத் தனித்தனி ஃபங்ஷனாக எழுதி அதில் வைத்துவிட்டால், ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் தலைப்பில் ஒரே ஒரு வரி போட்டு அந்தக் கோப்பை உள்ளே இழுத்துக்கொள்ளும். திருத்துவதானால் ஒரு இடத்தில் திருத்தினால் போதும். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தது. ‘இந்த ஃபங்ஷன் இன்னிக்கு முடிஞ்சிடும்’, ‘அந்த ஃபங்ஷனுக்கு முருகையனைக் கேக்கணும்’ என்று ஜன்னல் ஓரம் நின்று கத்திப் பேசுவோம். கீழ் வீட்டில் குடியிருந்த வீட்டுக்கார அம்மா ஒருநாள் படியில் என்னை நிறுத்தினார். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. “மேல இத்தினி ஃபங்ஷன் நடக்குது, கீழ இருக்கிற எங்களுக்கு ஒரு பத்திரிகை வெக்கணும்னு உங்களுக்குத் தோணலயா?” என்றார்.

சாவு என்று ஒரு பெயர்

ஸ்கிரிப்ட் பாதியில் மேலே போக முடியாமல் சிக்கிக்கொண்டால், காரணத்தைத் திரையில் சொல்லிவிட்டு நின்றுவிட வேண்டும். அதற்கென்று ஒரு ஃபங்ஷன் எல்லா ஊரிலும் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் ‘டை’ என்று பெயர் வைப்பதும் எல்லா ஊரிலும் வழக்கம்தான். செத்துப்போ என்று அர்த்தம். நானும் யோசிக்காமல் அதையே வைத்தேன். எங்கே நின்றது என்று தெரியட்டுமே என்று, அந்தப் பெயரும் சேர்ந்து திரையில் வருகிற மாதிரி எழுதியிருந்தேன்.

காலையில் பளிச்சென்று இருந்த வானம் மத்தியானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு நாள். தமிழரசியின் அண்ணன் விடிவதற்கு முன்பே கடலுக்குப் போனவர். மற்ற படகுகள் எல்லாம் கரை சேர்ந்துவிட்டன, அவருடையது மட்டும் வரவில்லை என்று அவள் அம்மா போன் செய்தார். அண்ணனின் போனுக்கு அடித்தால் எடுக்கவில்லை. ‘வீட்டுக்குப் போ’ என்று சொன்னோம். “அங்க போயி அம்மா மூஞ்சப் பாத்துகிட்டு ஒக்கார முடியாது கவிதா” என்று என்னிடம் சொல்லிவிட்டு, கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும் என்று ஸ்கிரிப்ட்டை ஓட்டினாள். ஏதோ ஒரு கோப்பு இல்லையென்று அது நின்றது. திரையில் முதல் வார்த்தையே ‘டை’. அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் எழுந்து போய் அந்தத் திரையை அணைத்தேன். மழை ஜன்னல் கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அண்ணன்தான். இன்ஜின் மக்கர் செய்து, படகு வடக்கே தள்ளிக்கொண்டு போய், கனகசெட்டிக்குளத்தில் கரை ஒதுங்கியிருக்கிறார்கள். அங்கிருந்தவர்கள் படகை இழுத்துப் போட்டு, சோறும் போட்டிருக்கிறார்கள். தமிழரசி போனை வைத்துவிட்டு மேஜைமேல் தலை கவிழ்ந்து அழுதாள். முருகையன் என்ன செய்வதென்று தெரியாமல் அவளுக்கு டீ வாங்கப் போனவன், பதற்றத்தில் வெறும் ஃபிளாஸ்க்கோடு திரும்பி வந்தான்.

மறுநாள் நான் வரும்போது பொதுக் கோப்பில் ஒரு திருத்தம் இருந்தது. ‘டை’ இருந்த இடமெல்லாம் ‘போயிட்டு வரேன்’ என்று ஆங்கில எழுத்தில் மாறியிருந்தது. ஒரு இடம் விடாமல் தமிழரசி மாற்றியிருந்தாள். நிரலாளர்கள் யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்று கேட்டேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “எங்க ஊட்ல கடலுக்குப் போறவங்களே ‘போறேன்’னு சொல்ல மாட்டாங்க. ஒன் ஸ்கிரிப்ட்டுக்கு இன்னா கேடு?”

நடுவில் ஒரு இடைவெளி

இந்த மாதிரி ஸ்கிரிப்ட் எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த வில்லன் இடைவெளிதான். ஒரு பெயரின் நடுவில் இடைவெளி இருந்து, நாம் மேற்கோள் குறி போட மறந்துவிட்டால், கணினி அதை இரண்டு பெயர் என்று எடுத்துக்கொள்ளும். வேண்டாத பழைய கோப்புறைகளை அழிக்கும் ஃபங்ஷனை முருகையன் எழுதினான். அருமையாக எழுதியிருந்தான், மேற்கோள் குறி மட்டும் இல்லை. எங்கள் கோப்புறைப் பெயர்களில் இடைவெளி கிடையாது என்பதால் அது பல மாதம் பிரச்சினை இல்லாமல் ஓடியது.

நூலகத்தில் சிறுவர் பகுதியைக் கவனித்த மதாம் ஒருவர் இருந்தார். பிள்ளைகள் வரைந்த படங்களை எல்லாம் ஸ்கேன் செய்து எங்கள் கணினியில் நேராக ஏற்றினார். புதுப் படங்களுக்குப் ‘படங்கள்’ என்று பிரெஞ்சில் ஒரு கோப்புறை, வேண்டாதவற்றுக்குப் ‘படங்கள் பழசு’ என்று இன்னொன்று. பழசை அழிக்கச் சொல்லி அவர் கேட்டதும் முருகையன் தன் ஃபங்ஷனைக் கூப்பிட்டான். அது ‘படங்கள்’ தனி, ‘பழசு’ தனி என்று படித்தது. பழசு என்று ஒன்று அங்கே இல்லை. படங்கள் என்பது இருந்தது. முணுக்கென்று ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் புதுப் படங்கள் அத்தனையும் போய்விட்டன. பெரிய கோப்புகள் என்று அவற்றைக் கிட்டிலும் இன்னும் சேர்த்திருக்கவில்லை. காகிதங்களைப் பிள்ளைகள் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்களாம்.

முருகையன் அன்று சாப்பிடவில்லை. ‘நானே எழுதறேன் முசே’ என்று சொல்லி, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டு எழுதினான். முசே அதில் இலக்கணத்தைக்கூடத் திருத்தாமல் அனுப்பிவைத்தார். ஒரு வாரம் பதிலே இல்லை. ஒப்பந்தம் போச்சு என்றே முடிவு செய்துவிட்டோம். அப்புறம் ஒருநாள் ‘படங்கள்’ கோப்புறை திரும்ப நிரம்பத் தொடங்கியது. கூடவே மதாமின் பதிலும் வந்தது. முசே அதைத் தமிழில் படித்துச் சொன்னார்: “பாண்டிச்சேரியில் ஒரு மாமா உங்கள் படங்களைத் தொலைத்துவிட்டு வருத்தத்தில் இருக்கிறார் என்று பிள்ளைகளிடம் சொன்னேன், அவருக்காக இந்தத் தடவை எல்லோரும் யானை வரைந்திருக்கிறார்கள்.”

பெண் பார்க்கப் போனவர்

அந்த யானைகளுக்குப் பிறகு நான் ஒரு கண்டிப்பான ஃபங்ஷனை எழுதினேன். கிட்டில் பதிவு செய்யாத மாற்றம் எதுவும் கையில் கிடந்தால், ஸ்கிரிப்ட் ஒரு அடி நகராது. ‘முதலில் இதைப் பதிவு செய்யுங்கள்’ என்று சொல்லி ஒவ்வொரு கோப்பாகப் பெயர் சொல்லும். சரி செய்துவிட்டு வந்தால், விட்டுப்போன அடுத்ததைச் சொல்லும்.

முருகையன் மத்தியானம் கிளம்பவேண்டிய நாளில் அது அவனைப் பிடித்துக்கொண்டது. பெண் பார்க்கப் போகவேண்டும். புதுச் சட்டை போட்டு, பவுடர் எல்லாம் போட்டுத் தயாராக இருந்தான். கீழே அவன் மாமா வண்டியோடு நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். நூலகத்துக்கு அன்றைக்கு அனுப்பியே ஆகவேண்டிய திருத்தம் அவன் கையில்தான் இருந்தது. ‘நான் அனுப்பறேன், நீ போ’ என்று சொன்னேன். யானைகளுக்குப் பிறகு தன் வேலையை இன்னொருத்தர் கையில் விட்டுப்போக அவனுக்கு மனசில்லை. ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, அனுப்பி, திரையில் ‘முடிந்தது’ என்று வந்த பிறகுதான் எழுந்தான். சட்டை முதுகில் நனைந்திருந்தது. ‘ஏன் லேட்டுன்னு பொண்ணு ஊட்ல கேட்டா இன்னா சொல்றது அக்கா?’ என்றான். உண்மையைச் சொல்லு என்றேன்.

சொல்லியிருக்கிறான். பெண் பள்ளிக்கூட டீச்சர். பெரியவர்கள் முகம் சுளித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மட்டும், ‘பதிவு செய்யாம எழுந்து வந்திருந்தா என்னா ஆகியிருக்கும்?’ என்று கேட்டாளாம். இவன் யானைக் கதையை முதலிலிருந்து சொல்லியிருக்கிறான். சொல்லி முடிப்பதற்குள் பலகாரத் தட்டு வந்துவிட்டதாம். கல்யாணம் வில்லியனூரில் நடந்தது. மேடையேறிப் பரிசைக் கொடுத்தபோது மணப்பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். “இவரை எழுந்திருக்க உடாம ஒக்கார வெச்ச ஃபங்ஷனை எழுதுனது நீங்கதானாக்கா? ஊட்டுக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க.”

முசேயின் வரி

நூலகம் வேறு மென்பொருளுக்கு மாறப்போவதாகச் சொன்னது. கோபமோ குறையோ எதுவும் இல்லை, அவர்கள் ஊரையும் பக்கத்து ஊர்களையும் ஒன்றாகச் சேர்க்கிறார்களாம், எல்லா நூலகத்துக்கும் இனி ஒரே மென்பொருளாம். வேறு வேலை தேடிப் பிடிக்கும் தெம்பு முசேவுக்கு அப்போது இல்லை. மகள் பிரான்சில் இருந்தாள், அங்கேயே வந்துவிடும்படி கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். தமிழரசிக்கும் முருகையனுக்கும் எனக்கும் வேறு இடங்களில் வேலைக்குச் சொல்லிவைத்த பிறகுதான் அவர் தனக்கு டிக்கெட் போட்டார்.

கடைசி நாள் மேஜைகளைக் காலி செய்துகொண்டிருந்தோம். எங்கள் நிரல்களை நூலகத்துக்கு ஒப்படைக்கும் முன்பு நான் பொதுக் கோப்பைத் திறந்து ஒரு தடவை பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாக எழுதியவர் பெயரைக் காட்டும் கட்டளை ஒன்று கிட்டில் உண்டு. முசே என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். என் பெயர், தமிழரசி பெயர், முருகையன் பெயர், மறுபடி தமிழரசி என்று போய்க்கொண்டிருந்த இடத்தில் அவர் திடீரென்று, ‘நிறுத்தும்மா’ என்றார்.

அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் ‘முசே’ என்று இருந்தது. எனக்கே மறந்துபோயிருந்தது. பிரெஞ்சில் வரும் ஒரு செய்தியில் ஒரு எழுத்தின் தலையில் போடவேண்டிய கோட்டை நாங்கள் மூன்று பேருமே விட்டுவிட்டோம். அவரால் பொறுக்க முடியவில்லை. என் சீட்டில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் தேடித் தேடி அந்தக் கோட்டைப் போட்டார். யார் பெயரில் பதிவு செய்வது என்று கணினி கேட்டபோது, கூப்பிடுகிற பெயரையே நான் அடித்துவிட்டிருந்தேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். தமிழரசியும் முருகையனும் கையில் இருந்த பெட்டிகளைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்கள். வெளியே வாய்க்கால் பக்கம் யாரோ பேரம் பேசும் சத்தம் கேட்டது. முசே அந்தப் பெயர்மேல் விரலை வைத்து, மெதுவாகச் சொன்னார்: “பாஸ்போர்ட்ல ஒரு பேரு, கோயில் ஞானஸ்நானத்துல ஒரு பேரு, ஊட்ல ஒரு பேரு. நீங்க கூப்ட்ட பேரு இந்த ஒரு எடத்துலதாம்மா எழுதியிருக்கு.”

கோப்புகளைக் கணினி மறக்காமல் வைத்திருக்கட்டும் என்று பாடுபட்டதில், அந்தக் கோப்பில் என்னென்ன எழுதினேன் என்பது எனக்கு மறந்துபோய், அந்த மாடியில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பது மட்டும் இன்றைக்கும் பிசகாமல் நினைவிருக்கிறது.