கருமந்திக் கூண்டின் முன்னால்

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்னே திருநெல்வேலி ஜங்ஷனில் நாகர்கோவில் பாசஞ்சர் ஏறினோம். நான், அம்மா, அத்தான், அத்தானின் மகள் பவி. பவிக்கு நாலு வயது. அவளைப் பெற்ற என் அக்கா இறந்து வருஷம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. தலைத்திவசம் முடிகிற வரைக்கும் நாங்கள் கோவில் வாசல் மிதிக்க மாட்டோம். திருச்செந்தூர் கிடையாது, பாபநாசம் கிடையாது. பால்வாடிச் சுவரில் படம் பார்த்ததிலிருந்து பவி சிங்கம் சிங்கம் என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தாள். திருவனந்தபுரத்து மிருகக்காட்சிசாலைக்குத் தீட்டு இல்லை என்று அம்மாதான் முடிவு செய்தாள்.

அம்மாவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. திவசம் முடிந்த கையோடு என்னை அத்தானுக்குக் கட்டி வைத்துவிட வேண்டும் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு. வெளியிலிருந்து ஒருத்தி வந்தால் பிள்ளை என்ன ஆகுமோ என்று பயம். அம்மா பவியிடம், என்னைச் சித்தி என்று கூப்பிடாதே, அம்மா என்று கூப்பிடு என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பிள்ளையும் சில நேரம் அப்படிக் கூப்பிடும். கூப்பிட்டதும் நான் பின்னால் திரும்பிப் பார்ப்பேன், அக்கா வந்து நிற்கிறாளோ என்று.

நாங்குநேரி தாண்டி இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். எதிரே வள்ளியூரில் இறங்க வேண்டிய ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பவியையும் அத்தானையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"பிள்ள அப்படியே அவ அப்பனால்லா இருக்கா. ஒன் சாடை ஒரு பொட்டு இல்லயே தாயி?"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா, "வளர வளர வரும்" என்று சொல்லிவிட்டாள். அத்தான் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார். ஆரல்வாய்மொழி வந்தும் அங்கேயேதான் நின்றார்; கணவாய்க் காற்றில் அவர் சட்டை படபடவென்று அடித்தது. அந்தச் சட்டை அக்கா எடுத்துக் கொடுத்தது.

நாகர்கோவிலிலிருந்து கேரளத்துப் பஸ். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை. எழுபது கிலோமீட்டர்கூட இருக்காது, ஆனால் வளைந்து வளைந்து போவதால் வெயில் ஏறிவிட்டது. பவி ஒரு தடவை வாந்தி எடுத்தாள். மிருகக்காட்சிசாலையில் பெரியவர்களுக்கு முப்பது ரூபாய் வாங்கினார்கள், பவிக்குச் சீட்டு கேட்கவில்லை. உள்ளே போனால் ஊர் நடுவில் இருக்கிறோம் என்பதே தெரியாது. பெரிய பெரிய மரம், ஈரமான தரை. எங்களைப் போல மலையில் இருந்தவர்களுக்கு அது வீட்டு வாசனை.

சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. பவி கம்பியோரம் நின்று எழுப்பச் சொன்னாள். "அதுக்கு நைட் டூட்டிளா, தூங்கட்டும்" என்றார் அத்தான். அக்கா போன பிறகு அவர் கேலி பேசி அன்றுதான் கேட்டேன்.

நீர்யானையைத் தேடிப் போகிற வழியில்தான் அந்தக் கூண்டு வந்தது. கருமந்திக் குரங்கு. உடம்பெல்லாம் கறுப்பு, தலை மட்டும் செம்பட்டை. மலையாளத்துக் குடும்பங்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்தன. நாங்கள் மூன்று பெரியவர்களும் சொந்தக்காரரைக் கண்டதுபோல நின்றுவிட்டோம்.

நாங்கள் மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து பறித்தவர்கள். வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்குப் பின்னால் மரத்தில் விடியற்காலம் கருமந்தி ஊளைபோல் கத்தும். அந்தச் சத்தத்தில்தான் எழுந்திருப்போம். கொய்யாவை முழுசாக விடாது. அக்கா தகரத்தைத் தட்டிக்கொண்டே அவற்றோடு சண்டை போடுவாள். பக்கத்து லைன்காரியிடம் பேசுகிற மாதிரி, வெட்கம் இருக்கா உனக்கு என்று கேட்பாள். காய்ச்சலில் அவள் போனதும் அங்கேயே புதைத்தோம். பிறகு எஸ்டேட் மூடியது, எல்லோரும் கீழே இறங்கிவிட்டோம். அவள் மட்டும் மேலே இருக்கிறாள். இப்போது போக வேண்டுமென்றால் வனத்துறை செக்போஸ்ட்டில் அனுமதி கேட்டு நிற்க வேண்டும்.

பஸ் ஏறி, சீட்டு வாங்கி, வீட்டுக் கூரையில் குதித்த குரங்கைப் பார்க்க வந்திருக்கிறோமே என்று அம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பவிக்கு நீர்யானை காட்டுகிறேன் என்று அவளை இழுத்துக்கொண்டு போனாள். எங்களைத் தனியே விடத்தான் போகிறாள் என்று எனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரியும்.

அத்தான் குரங்கையே பார்த்தபடி பேசினார்.

"நேத்து நீ அரிசி களையும்போ ஒன் முதுகப் பாத்தேன். அவ பேரு வாய் வரைக்கும் வந்துட்டு. கட்டிக்கிட்டா தினமும் அப்படித்தான் கூப்பிடுவேன் போலிருக்கு."

"கூப்பிட்டா நானும் அவளாட்டம் ஏன்னு குரல் கொடுத்துருவேன் அத்தான். அதான் எனக்குப் பயமா இருக்கு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார்.

"அப்ப வேண்டாம்னு நானே ஒங்க அம்மாட்ட சொல்லுதேன். ஒன் மேல பழி வேண்டாம்." பிறகு சொன்னார்: "ஆனா எங்க வீட்ல என்னய இப்படியே விட மாட்டாவ. வேற யாரையாவது கட்டி வைப்பாவ. பவி அவகிட்டதான் வளரும். யோசிச்சுக்கோ."

யோசித்தேன். இப்போது ராத்திரி பவி என் பக்கத்தில்தான் படுக்கிறாள். என் காதைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். அவள் அம்மா காதையும் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள். அதை வேறு ஒருத்திக்குக் கொடுக்க வேண்டும். இருந்தாலும் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். சொன்ன பிறகு பக்கத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும் பஸ்ஸில் அத்தான் அம்மாவிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். களியக்காவிளை தாண்டியதும் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "பிள்ளய நெனச்சுப் பாத்தியா ஏளா?" பார்த்தேன் என்றேன்.

நாகர்கோவிலில் ரயில் ஏறி உட்கார்ந்தோம். வள்ளியூர் தாண்டும்போது இடது பக்கம் மலை கறுத்துக்கொண்டு வந்தது. வடக்கே தள்ளி, அந்த மடிப்புகளுக்குள் எங்கேயோ எங்கள் எஸ்டேட் இருக்கும். விளக்கு ஏற்ற ஆள் இல்லாத மலை. திருவனந்தபுரத்தில் கருமந்திக்கு நேரத்துக்குச் சோறு, பெயர்ப்பலகை, கூரை எல்லாம் இருக்கிறது. மேலே என் அக்காவுக்கு ஒரு கல்லும் கொஞ்சம் புல்லும்தான். இருந்தாலும் அவள் இருக்கிற இடம்தான் எனக்கு ஊர்.

தூங்கி எழுந்த பவி அரைத் தூக்கத்தில் என் தாடையைத் திருப்பி, "அம்மா, தண்ணி" என்றாள்.

அம்மா என்னையே பார்த்தாள். அத்தான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நான் பாட்டில் மூடியைத் திறந்து பவி வாயில் வைத்தேன்.

"சித்தி தாரேன். பையக் குடி" என்றேன்.

பவி குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "சித்தி" என்று திருப்பிச் சொன்னாள். பிறகு என் காதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் தூங்கிவிட்டாள். ஜங்ஷன் வருகிற வரைக்கும் நான் தலையை அசைக்கவே இல்லை.