பின்சுவரில் ஒரு சன்னல்

மலையாளத்து ஆரியசாலைக் கடைத்தெருவில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்தவர்கள், சரக்கு அடைக்கும் கிட்டங்கியின் சன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்துவிடுவார்கள். காற்றுப் பட்டால் வத்தல் இன்னும் காய்ந்து எடை குறையும். அவர்களுக்கு எடைதான் உயிர். உள்ளே உட்கார்ந்து காம்பு கிள்ளுகிற பெண்களைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. எதிர்க்கடையில் கணக்கெழுதிய நானும் யோசித்ததில்லை.

வடிவம்மாள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்தவள். அழகியநம்பிப் பிள்ளையின் கிட்டங்கியில் வேலை. மூத்த மகன் லிங்கத்தை அங்கேயே தூளி கட்டிப் போட்டிருந்தாள். அவன் இருமி இருமியே செத்துப்போனான். மலையாளத்துத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, அதைத்தான் அவனுக்குக் கொடுத்துவந்தாள். அதற்குமேல் என்ன செய்வாள்? காரியம் முடிந்ததும் அதே இடத்தில் வந்து உட்கார்ந்து காம்பு கிள்ளினாள். அழுததாக எனக்கு நினைவில்லை.

பிறகு பேச்சி பிறந்தாள். அதே தூளி, அதே இருமல்.

எழுபத்தைந்து வாக்கில், ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் கிட்டங்கியின் பின்சுவர் சரிந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை. கொத்தன் கிடைக்க ஓணம் ஆகிவிட்டது. அதுவரை மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு வேலை நடந்தது. காற்று தாராளமாக வந்துபோனது. பெண்கள் கண்ணைக் கசக்காமல் காம்பு கிள்ளினார்கள். பேச்சிக்கு இருமல் நின்று, கன்னத்தில் சதை பிடித்தது. அவள் குடித்ததென்னவோ அதே மலையாளத்துத் தெருக்குழாய்த் தண்ணீர்தான்.

கொத்தன் வந்த அன்று வடிவம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய், சுவர் இடிந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரி புள்ளே, சொவரு கெட்டாண்டாமா?” என்றார் முதலாளி.

“ஒரு சன்னலு வச்சுக் கெட்டுங்க மொதலாளி.”

“எடை போவும்லா.”

“அப்பம் இவளயும் எங்க பொதைக்கணும்னு சொல்லிருங்க.”

சத்தம் போடவில்லை. கூலி கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

அழகியநம்பிப் பிள்ளை கெட்ட மனுஷர் இல்லை, கஞ்சர், அவ்வளவுதான். கொத்தனைப் பார்த்து மலையாளத்தில், “ஒரு ஜனல் வச்சோளு” என்றார்.

பேச்சி பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. “பிள்ளதான் பொழச்சுட்டாள்லா வடிவு, பெறவும் ஒன் மொகத்துல ஒரு சிரிப்பக் காணோமே?” என்று கேட்டேவிட்டேன்.

அவள் கை நிற்கவில்லை.

“அவனுக்கும் ஒரு சன்னலுதான வேண்டியிருந்துச்சு” என்றாள்.