டெய்சியின் நகம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பெண் வந்து எங்கள் குளியலறையைப் படம் எடுத்துக்கொண்டு போவாள். ஊரில் இருக்கிற நீங்கள் நம்பமாட்டீர்கள். வாடகை வீட்டை நாங்கள் எப்படி வைத்திருக்கிறோம் என்று பார்க்க வருகிற ஏஜென்ட் அவள். கையில் ஐபேட். சப்பாத்தைக் கழற்றமாட்டாள். அடுப்புக்குள் குனிந்து ஒரு படம், கழிவறைக்குள் ஒரு படம், கார்ப்பெட்டுக்கு நாலு படம். ஒருமுறை நான் அடுப்புக்குப் பக்கத்தில் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றேன். கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னாள்.

சிட்னியில், மெரிலேண்ட்ஸ் பக்கம், அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர். நேசன் அண்ணை, ரூபன், நான். மூவரும் படகில் வந்தவர்கள். மூவரிடமும் இருப்பது முடிய முடியப் புதுப்பிக்கிற வீசா. நேசன் அண்ணைக்கு வவுனியாவில் மனைவியும் மகளும். அந்தப் பிள்ளையை அவர் போனில்தான் வளர்த்தார். வீட்டு ஒப்பந்தம் அவர் பெயரில். எங்கள் வீசாவைப் பார்த்த ஏஜென்ட்மார் எல்லாரும் கையை விரித்த பிறகு, ஐந்து மாதம் அலைந்து பிடித்த வீடு அது. அதனால் சாமிப்படத்தைப் பார்ப்பது போலத்தான் அவர் அந்தக் கார்ப்பெட்டைப் பார்ப்பார்.

பக்கத்து வீட்டில் மால்டா நாட்டுக் கிழவி ஒருவர் இருந்தார். அவரை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோன அன்று, அவருடைய மகள் வேலிக்கு மேலால் நேசன் அண்ணையோடு நெடுநேரம் கதைத்தாள். வெள்ளைக்காரர் எது கேட்டாலும் "யெஸ், யெஸ், தாங்க்யூ" என்பது அண்ணையின் வழக்கம். விளங்காவிட்டால் ஒரு யெஸ் கூடும். இரண்டு நாளைக்குப் பூனையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தபோதாவது யோசித்திருக்க வேண்டும். பூனை வந்தது, அதன் கிண்ணம் வந்தது, சின்ன மெத்தை ஒன்றும் வந்தது. மகள் திரும்பி வரவில்லை.

பூனையின் பெயர் டெய்சி. வந்த ஒரு கிழமைக்குள் நேசன் அண்ணையின் அறை வாசலில் கார்ப்பெட்டைப் பிய்த்துவிட்டது. ஒரு சாண் அகலத்துக்கு நூல் நூலாகக் கிடந்தது. அண்ணை அதற்கு முன்னால் குந்தியிருந்து தலையில் கை வைத்தார். அன்றே ரொறன்ரோவில் இருக்கிற மச்சானுக்குப் போன் எடுத்தார். எங்கள் ஆட்களுக்குக் கனடாவும் வெளிநாடு, அவுஸ்திரேலியாவும் வெளிநாடு. அங்கே நடக்கிறதெல்லாம் இங்கேயும் நடக்கும் என்ற கணக்கு. தங்கள் வீட்டுப் பூனைக்கு டொக்டரைக் கொண்டு நகத்தை அடியோடு எடுப்பித்ததாகவும், அதற்குப் பிறகு சோபாவுக்கு ஒரு கீறலும் இல்லை என்றும் மச்சான் சொன்னார். ரூபனும் தலையாட்டினான். அவன் அப்போதுதான் ஒரு வெள்ளைச் சோபா வாங்கியிருந்தான்.

நான் போனில் தேடி வாசித்தேன். எனக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. இங்கிலீஷில் பாதி விளங்கும், மீதியைப் படத்தைப் பார்த்துப் பிடிப்பேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு மீதியை வாசிக்க மனம் வரவில்லை. எடுப்பது நகத்தை அல்ல, நகம் முளைக்கிற எலும்பை. நேசன் அண்ணையின் சுட்டுவிரலைப் பிடித்து, முதல் மடிப்பில் பட்டர் பூசுகிற கத்தியை வைத்துக் காட்டினேன். இந்த இடத்தில் வெட்டுவார்கள், பத்து விரலிலும் வெட்டுவார்கள் என்றேன்.

அண்ணை கையை இழுத்துக்கொண்டார். "டேய் சுதன், நீ வாயைத் திறந்தா புளுகுதானே."

அவரில் பிழையில்லை. போன வருடம் வேறு நம்பரில் இருந்து அவருக்கு எடுத்து, மூக்கால் இங்கிலீஷ் பேசி, ஏஜென்ட் பத்து நிமிடத்தில் வருகிறார் என்று சொன்னவன் நான். மனுசன் மூச்சு வாங்க வாங்கக் குளியலறையைத் தேய்த்து முடித்தபோது, கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே போனேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. சிரிப்புக் காட்டுகிறவன் என்றுதான் இந்த நாட்டில் எனக்குப் பெயர். அந்தப் பெயரோடு ஒரு உண்மையைச் சொல்லப் போனால் யார் கேட்கிறார்கள்?

மிருக வைத்தியரிடம் மூன்று பேரும் போனோம். இளம் பெண். நேசன் அண்ணை டெய்சியின் காலைத் தூக்கிக் காட்டி, கையால் வெட்டுவது போல் சைகை செய்தார். அவள் முகம் மாறிவிட்டது. பூனைக்கு நோய் வருத்தம் ஏதும் இருந்தாலொழிய இங்கே அப்படிச் செய்யக்கூடாது, சட்டப்படி குற்றம் என்று மெதுவாகச் சொன்னாள். அண்ணை "யெஸ், யெஸ், தாங்க்யூ" என்றார். அதற்கு அவள் இன்னும் பயந்துபோய், இரண்டாம் தரமும் சொன்னாள். அண்ணை இன்னும் நன்றாகச் சிரித்தார்.

காரில் ஏறியதும் அவள் என்ன சொன்னவள் என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். ரூபனும் அண்ணையும் சேர்ந்து சிரித்தார்கள். பூனை நகத்துக்கும் ஒரு சட்டமா என்று கேட்டு ரூபன் என் முதுகில் தட்டினான். வைத்தியருக்கு நேரமில்லை, அதுதான் விஷயம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். அந்தக் கிழமையே ரூபன் ஒரு ஆளைப் பிடித்துவிட்டான். ஊரில் மிருக வைத்தியரிடம் கையாளாக நின்றவர், இங்கே கோழி வெட்டுகிற இடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து செய்து தருவாராம்.

வீசா போய்விடும் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றே நின்றிருக்கும். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் நாங்கள் றோட்டையும் கடக்கிறோம். அதை வைத்து மட்டும் நான் இதுவரை பகிடி விட்டதில்லை. சொன்னால் அண்ணை அந்த நிமிடமே பூனையைக் கொண்டுபோய்ப் பூங்காவில் விட்டுவிடுவார் என்றும் தெரியும்.

டெய்சி என் நெஞ்சில்தான் படுக்கும். படுக்கும் முன் இரண்டு முன்னங்காலாலும் மாறி மாறி மிதிக்கும். நகம் பெனியனுக்குள்ளால் குத்தும். முடி வெட்டுகிற லெபனான்காரரை விட்டால், இந்த நாட்டில் என்னைத் தொடுகிற ஆள் அது ஒன்றுதான்.

ஞாயிறு காலை நேசன் அண்ணை குசினியில் இறைச்சிக் கறி வைத்துக்கொண்டிருந்தார். வரப்போகிற ஆளுக்குச் சாப்பாடு. நான் கதவில் சாய்ந்துகொண்டு, விசுவமடுவில் எங்கள் வீட்டுக்கு வந்துபோன சாம்பல் பூனையைப் பற்றிச் சொன்னேன். மீன் வெட்டுகிற நேரம் வரும், மற்ற நேரம் இல்லை. ஷெல் விழத் தொடங்கி நாங்கள் ஓடியபோது சைக்கிளில் அரிசி மூட்டைக்கும் அம்மாவுக்கும்தான் இடம் இருந்தது. முகாமில் இருந்துவிட்டு, ஒன்றரை வருடத்துக்குப் பிறகு போனால் வீட்டுக்குக் கூரை இல்லை. அரைச் சுவரில் அந்தப் பூனை இருந்தது. ஒரு காது பாதி. அம்மா கூப்பிட்டும் வரவில்லை. நான் கிட்டப் போனதும் என் கையில் கீறிவிட்டு ஓடியது.

"அம்மா அந்தக் கீறலைப் பாத்துச் சிரிச்சவ, அண்ணை. கன காலத்துக்குப் பிறகு சிரிச்சவ. நகம் இருந்தபடியாத்தான் தப்பியிருக்கு எண்டவ."

அண்ணை கறியைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எங்களையும் திருப்பி அனுப்பினா இதை ஆர் பாக்கிறது? றோட்டிலதான் விட வேணும். நகத்தையும் வெட்டிப்போட்டோ விடுறது?"

"இது உண்மையோடா?"

"ஓம்."

"பகிடி இல்லையே?"

"அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேளுங்கோ."

அவர் எடுக்கவில்லை. அடுப்பை அணைத்தார். போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், அந்த ஆளிடம் வரவேண்டாம் என்றார். காரணம் கேட்டிருக்க வேண்டும். "பூனை ஓடிப்போச்சு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. புளுகு எனக்கு மட்டும் சொந்தமில்லை. அடுத்த நாள் வேலைத்தளத்தில் இருந்து மரத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து, கயிறு சுற்றி, பூனை பிறாண்டுவதற்கு நட்டு வைத்தார். பிய்ந்த கார்ப்பெட்டுக்கு மேல் சப்பாத்து வைக்கிற தட்டை இழுத்து விட்டார். ரூபன் சோபாவுக்குப் பெட்ஷீட் போட்டான்.

டெய்சிக்கு ஊசி போட வைத்தியரிடம் போனபோது பூனையை யாருடைய பெயரில் பதிவது என்று கேட்டார்கள். இந்தப் பதிவு அதன் வாழ்நாள் முழுக்கச் செல்லுமாம். அரசாங்கப் பதிவில் பெயரா என்று நேசன் அண்ணை சப்பாத்தைப் பார்த்தார். ரூபன் வெளியே போய்விட்டான். நான் பேனையை வாங்கினேன். வீசாப் படிவத்தில் எழுதுகிற மாதிரியே எழுதினேன். முதற்பெயர் என் பெயர், குடும்பப் பெயர் அப்பாவின் பெயர். எங்களுக்கு வேறு குடும்பப் பெயர் ஏது?

அப்பா இரண்டு வருடத்துக்கு முன் செத்துப்போனார். இந்த வீசாவில் போனால் திரும்பி வர ஏலாது. வேலையிடத்துச் சாப்பாட்டறையில், மைக்ரோவேவுக்குப் பக்கத்தில் நின்று, போனில் கொள்ளி வைக்கிறதைப் பார்த்தேன். பிறகு அந்தப் பெயரை யாரும் என் காதுபடச் சொன்னதில்லை.

வைத்தியரிடத்துக் கதிரைகளில் நாய்களோடும் பூனைகளோடும் ஆட்கள் இருந்தார்கள். உள்கதவு திறந்தது. வரவேற்பில் நிற்கிற பெண் அட்டையைப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, மரியாதையாக, எல்லாருக்கும் கேட்கக் கூப்பிட்டாள்.

"டெய்சி கந்தசாமி?"

யெஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். ஓம் என்றுதான் வந்தது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழும்பிப் போனேன்.