கொள்ளி இறக்கம்

சின்ன வயதில் அவள் எதற்குத்தான் பயப்படவில்லை? நாய் குரைத்தால் பயம். லிஃப்ட் கதவு மூடினால் பயம். குக்கர் விசில் அடித்தால் அடுத்த அறைக்கு ஓடிவிடுவாள். "பயந்தாங்கொள்ளி, பயந்தாங்கொள்ளி" என்று அக்கா கேலி செய்தாள். முழுசாகக் கூப்பிடச் சோம்பல்பட்டு, அது வெறும் 'கொள்ளி' ஆகிவிட்டது. பின்னாளில் போஸ்டர்களில் 'டிஜே கொள்ளி' என்று கொட்டை எழுத்தில் போட்டபோது, ஏதோ எரிகிற கொள்ளிக்கட்டையைச் சொல்கிறார்கள் என்று ஊர் நினைத்துக்கொண்டது. எழுத்தைச் சுற்றித் தீ நாக்குகள்கூட வரைந்தார்கள். அக்கா அதைப் பார்க்கிறபோதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அக்கா வேறு ரகம். டவுன் பஸ் ஓட்டுகிறவள். பிரேக் பிடிக்காத வண்டியைக்கூட அதட்டியே நிறுத்திவிடுவாள் என்று டிப்போவில் பேசிக்கொள்வார்கள்.

தங்கைக்கு ஸ்பீக்கர் ரிப்பேர் கடையில் வேலை கிடைத்தது. பழுது பார்த்த ஸ்பீக்கர் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க, யாரோ வாங்காமல் விட்டுப்போன ஓர் இசைத்தட்டை அங்கே வைத்திருந்தார்கள். ஹவுஸ் மியூசிக் தட்டு. பாட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கீழே டம், டம், டம், டம் என்று நிற்காத ஓர் அடி. அதன் மேல் கைதட்டல் வரும், பியானோ வரும், ஒரு பெண் குரல் வந்து ஒரே வரியைச் சொல்லிவிட்டுப் போகும். எது வந்தாலும் போனாலும் கீழே அந்த அடி மட்டும் மாறாது. முதல் நாள் அதைக் கேட்டபோதே அவளுடைய தோள்கள் தாமாகத் தளர்ந்தன. அடுத்து என்ன வரும் என்று தெரியாததுதான் அவளுடைய பயமெல்லாம். இதில் அடுத்து என்ன வரும் என்று தெரிந்தது.

அப்புறம் கடையில் இரண்டு பிளேயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு தட்டு முடிவதற்குள் அடுத்ததை அதன் அடியோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். தையல் தெரியாத மாதிரி ஒட்டிற்று. ரிப்பேருக்கு வந்தவர்கள் வந்த வேலையை மறந்து நின்று கேட்டார்கள். ஒரு தையல் தொழிற்சாலைக்காரர் தன் ஆட்களின் கொண்டாட்டத்துக்குக் கூப்பிட்டார். அங்கே அவள் வாசித்ததைக் கேட்ட ஒருவர்தான் பிறகு அவளுக்கு முதலாளியானார்.

முதலாளி ஒரு பழைய பஞ்சுக் கிடங்கின் மாடியைப் பிடித்து ஆடும் கூடமாக்கியிருந்தார். கீழ்த்தளத்தில் கட்டில், மெத்தை விற்கும் கடை. ராத்திரி ஆட்டம் வேண்டாம் என்று அக்கம்பக்கத்தார் சண்டை பிடித்ததால், ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் கூட்டம். இதனாலேயே அங்கே வேறு மாதிரி ஆட்கள் வந்தார்கள். நர்சுகள், தச்சர்கள், பஸ்காரர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள். வாரமெல்லாம் நின்றே வேலை பார்த்த கால்கள், அங்கே வந்து குதித்துத் தீர்த்தன. சில வருஷங்களில் வெளியூர்களிலிருந்தும் டிஜேக்கள் வந்து, ஓரமாக நின்று, அவள் கை என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவசரமே இல்லாமல், ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு எப்போது நுழைந்தது என்றே தெரியாமல் கலக்கும் அவளுடைய பாணி பல ஊர்களுக்குப் போய்விட்டது. சாயங்காலம் கூட்டம் முடிந்ததும் வாந்தியெடுக்கிறாளே, அது மட்டும் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வாரமும் அவ்வளவு பயம்.

முதலில் ஊசி குதித்தது.

தட்டின் மேல் ஓடும் ஊசி ஒரு முடி அளவு அதிர்ந்தாலும் பாட்டு தாவிவிடும். கூட்டம் சேர்ந்து குதிக்கும்போதெல்லாம் அது தாவ ஆரம்பித்தது. மேசைக்கு அடியில் ரப்பர் வைத்தாள். பஞ்சு மெத்தை வைத்தாள். கடைசியில் மேசையையே கயிறு கட்டி கூரை உத்திரத்திலிருந்து தொங்கவிட்டார்கள். ஊசி தாவுவது நின்றது. அவளுக்கு மனசு நிற்கவில்லை. மேசை ஆடவில்லை என்றால் ஆடியது எது?

முதலாளியிடம் போய்ச் சொன்னாள். "தரை ஆடுது. நடுவுல நின்னா காலுக்கடியில மெத்து மெத்துன்னு இருக்கு."

"மரத்தரை ஆடத்தான் செய்யும். ஆட்டம் ஆடுற எடம்தானே?" என்று தன் ஜோக்குக்குத் தானே சிரித்தார். "இன்ஜினியர் வந்து பாத்துட்டுப் போனாரு. பஞ்சு மூட்டை எத்தனை டன் தாங்கின தரை தெரியுமா?"

"மூட்டை குதிக்காதுங்களே."

"அம்மா, நீ போன மாசம் மின்விசிறி விழும்னு சொன்னே. அதுக்கு முன்னாடி ஒயர் தீப்பிடிக்கும்னு சொன்னே. எதாவது நடந்துச்சா?"

அவர் சொன்னது உண்மைதான். வாழ்நாள் பூராவும் எல்லாவற்றுக்கும் பயந்தவளுக்கு, எந்தப் பயம் நிஜமான பயம் என்று எப்படித் தெரியும்? அக்காவும் அதையேதான் சொன்னாள். "போடி, நீயும் உன் பயமும்." அவள் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த ஞாயிறு கூடத்தில் எள் விழ இடமில்லை. அக்கா லீவு போட்டுவிட்டு வந்து, நட்ட நடுவில் ஆடிக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக நல்ல வெயில். கூட்டத்தின் நடுவில் மட்டும் தலைகள் கொஞ்சம் தாழ்வாகத் தெரிந்தன. அங்கே குள்ளமானவர்கள் நிற்கிறார்கள் போல என்றுதான் கொள்ளி முதலில் நினைத்தாள். பிறகு அக்காவின் தலையும் அந்தப் பள்ளத்தில் இருப்பதைப் பார்த்தாள். அக்கா குள்ளமானவள் இல்லை.

அதே நேரத்தில் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு மெத்தைக்கடை அம்மா மேசைக்கு வந்தார். முகமெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"நிறுத்தும்மா! கீழ என் கடைல உத்திரம் ரெண்டா விரிஞ்சு தொங்குது. ஷட்டர் சிக்கிக்கிச்சு, ஏறவும் மாட்டேங்குது எறங்கவும் மாட்டேங்குது. நான் பின்வாசல் வழியா ஓடி வரேன்!"

பின்னாலேயே முதலாளி ஓடிவந்தார். அவருக்கும் இப்போது உண்மை தெரிந்திருந்தது. மைக்கைப் பிடுங்கப் போனார். "எல்லாரையும் ஓடச் சொல்றேன்!"

அவள் மைக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். இறங்க ஒரே படிக்கட்டு, அதுவும் இரண்டு பேர் சேர்ந்து இறங்க முடியாத படிக்கட்டு. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓடினால் தரை தாங்காது. தரை தாங்கினாலும் படியில் மிதிபட்டுச் சாவார்கள். பாட்டைப் பட்டென்று நிறுத்தவும் முடியாது. அந்த அடி நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவள்தான் அவர்களுக்குப் பழக்கியிருந்தாள். கையைத் தூக்கிக் காத்திருப்பார்கள். காத்திருந்துவிட்டு, எல்லோரும் ஒன்றாக, முழு பலத்தோடு, குதிப்பார்கள்.

"தொடாதீங்க," என்றாள் முதலாளியிடம். "சுவரோரமாப் போய் நில்லுங்க."

வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் குறைக்கும் விசையை ஒரு நூல் அளவு கீழே இழுத்தாள். யாருக்கும் தெரியவில்லை. இன்னொரு நூல். அடுத்த தட்டை அதைவிட மெதுவாக ஓடவிட்டு ஒட்டினாள். டம், டம் என்கிற கனத்த 'பாஸ்' சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி எடுத்தாள். குதித்த கால்கள் தரையை விட்டு எழும்புவது குறைந்தது. பிறகு எழும்பவே இல்லை. இடுப்பு மட்டும் அசைந்தது. ஒருவன் மேசையைப் பார்த்து, "என்ன கொள்ளி, தூக்கமா?" என்று கத்தினான். அவள் சிரித்தாள். எப்படிச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. நடுவில் எங்கோ மரம் முனகியது. பாட்டின் சத்தத்துக்கு அடியிலும் அது அவளுக்குக் கேட்டது.

அக்காவைச் சைகை காட்டிக் கூப்பிட்டாள். அவள் வந்ததும் காதோடு காதாகச் சொன்னாள்: "அக்கா, தரை விழப்போகுது. எல்லாரையும் ரயில் மாதிரி கோத்துக் கீழ எறக்கு. ஓடக் கூடாது. விளையாட்டு மாதிரி இருக்கணும்."

அக்கா தங்கையின் முகத்தைப் பார்த்தாள். இந்த முறை 'போடி' என்று சொல்லவில்லை.

"முதல்ல சுவரோரத்து ஆளுங்களா, நடுவுல இருக்கறவங்களா?"

"நடுவு."

அக்கா நடுவே போய், முன்னால் நின்றவரின் கைகளை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் பழகிய குரல் கூடத்தின் கடைசி வரை போனது. "வண்டி கெளம்புது! தோளைப் பிடிச்சுக்கங்க! முண்டாதீங்க, முண்டாதீங்க, எல்லாருக்கும் எடம் இருக்கு!" கூட்டம் சிரித்துக்கொண்டு கோத்துக்கொண்டது. கொள்ளி மைக்கில், "தெருவுல ஆடலாம் வாங்க, வெயில்ல ஆடலாம்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். ரயில் வளைந்து வளைந்து படிக்கட்டுக்குள் இறங்கிற்று. வாசல்காரர், மலை மாதிரி உடம்பு, படியின் மேல்முனையில் நின்று ஒவ்வொருவராகத் தட்டித் தட்டி அனுப்பினார். பாட்டு நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால் அவளால் இடத்தை விட்டு நகர முடியவில்லை. ஆட்கள் குறையக் குறையத் தரை நன்றாகத் தெரிந்தது. நடுவில் கிண்ணம் மாதிரி ஒரு குழி. பலகைகளின் இடுக்கு வழியாகக் கீழேயிருந்த கடையின் வெளிச்சம் வந்தது.

கடைசி ஆள் இறங்கியபோது அவளுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே அந்தக் கூடம் முழுக்கக் கிடந்தது. கால் வரவில்லை.

"சுவரைப் பிடிச்சுக்கிட்டு வாம்மா," என்று வாசல்காரர் கத்தினார். "நான் எங்கயும் போகமாட்டேன். வா."

பாட்டை ஓடவிட்டபடியே முதுகைச் சுவரில் ஒட்டி நகர்ந்தாள். ஒருமுறை பலகை கீழே அமுங்கியபோது வாய்விட்டு அழுதுவிட்டாள். அழுதுகொண்டே நகர்ந்தாள். வாசல்காரர் கையை எட்டிப் பிடித்து, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

தெருவில் ஜனங்கள் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள். மேலே ஜன்னல் வழியாகப் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் வந்தாயிற்று என்று நினைத்த சமயம், ரயிலோடு இறங்கிவந்திருந்த முதலாளி திரும்பவும் படியை நோக்கி ஓடினார். மிக்சரும் ஆம்ப்ளிஃபயரும் மேலே இருந்தன. "போகாதீங்க, போகாதீங்க" என்று அவள் தொண்டை கிழியக் கத்தினாள். அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பாட்டு நடு அடியில் அறுந்தது. அதற்குப்பின் வந்த சத்தத்தை அவள் இன்றுவரை யாரிடமும் விவரித்ததில்லை. ஜன்னல்களிலிருந்து தூசி புகையாக வெளியே வந்தது. அப்போதுதான் அந்த ஜனங்களுக்குத் தாங்கள் எதிலிருந்து இறங்கிவந்தோம் என்று புரிந்தது. சிலர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலாளி சாகவில்லை. விற்பனைக்கு அடுக்கியிருந்த மெத்தைகளின் மேல் விழுந்திருந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இன்றைக்கும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அவளைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்வார். அவள் போய் நலம் விசாரிப்பாள்.

செய்தி பரவியது. அடுத்த வருஷமே வேறு ஊர்களின் கூடங்களில் ஆட்டத்தைப் பட்டென்று முடிக்காமல், இப்படி நூல் நூலாக வேகம் குறைத்து, கூட்டத்தைத் தெருவில் கொண்டுபோய் விடுவது வழக்கமானது. அதற்குக் 'கொள்ளி இறக்கம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். என்ன அழகு, என்ன நிதானம் என்று எழுதினார்கள். அதைக் கேட்டால் அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும். அவள் வெகுகாலம் எந்தக் கூடத்துக்குள்ளும் நுழையவில்லை. வானொலியில் மட்டும் வாசித்தாள். திரும்பி வந்தபோது, தரைத்தளமாக இருந்தால்தான் வருவேன் என்றாள். வாசல் கதவுகளை எல்லாம் தானே திறந்து பார்த்த பிறகுதான் தட்டை எடுப்பாள். இப்போது யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் இடிந்துபோனது அக்காதான். ஒரு காலை அவளிடமிருந்து போன். பஸ் நிறைய ஆட்கள். ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கொள்ளி, பாலம் ஆடுதுடி. படில எறங்கும்போது சுவர் நடுங்குச்சே, அதே மாதிரி. என்னால முடியல. எல்லாரும் திட்டுறாங்க."

"எறங்காத. நான் வரேன்."

ஆட்டோ பிடித்துப் போனாள். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது. பயணிகள் ஆளுக்கொன்று பேசினார்கள். அக்காவின் முகம் வெளிறிக் கிடந்தது. பயப்படாதே என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் தன்னிடம் அப்படிச் சொன்னவர்கள் யாரும் தனக்கு உதவியதில்லை என்பது அவளுக்கு நினைவிருந்தது.

"பயமா இருக்கட்டும்க்கா. பயந்துகிட்டே ஓட்டு. நான் எல்லாத்தையும் அப்படித்தான் பண்றேன். மெதுவாப் போ. திட்டுறவங்க திட்டட்டும்."

"நீ போயிடாத."

"பக்கத்துலயே நிக்கிறேன்."

பஸ் நகர்ந்தது. பாலம் உண்மையிலேயே ஆடிற்று, எல்லாப் பாலமும் ஆடுகிற மாதிரி. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். தங்கை கம்பியைப் பிடித்த கையின் முட்டி வெளுத்துப்போயிருந்தது. அக்கரை வந்ததும் அக்கா வண்டியை ஓரங்கட்டிவிட்டு விசும்பினாள். முதல் சீட்டில் இருந்த ஒரு பெரியம்மா தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார்.

டிப்போவில் பேசிப் பாலம் இல்லாத வழித்தடம் வாங்கிக்கொள்ள அக்காவுக்குச் சில மாதங்கள் ஆயின. அதுவரை வாரத்தில் பாதி நாள், அந்த ஊரின் பேர்போன டிஜே காலைப் பஸ்ஸில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் டிக்கெட் எடுத்து நின்றபடி பாலத்தைக் கடந்துகொண்டிருந்தாள்.