சிவப்பு முதலா, பச்சை முதலா

என் கணவரின் கழுத்தில் நான் கத்தி வைப்பேன் என்று கல்யாணத்தன்று யாராவது சொல்லியிருந்தால், அவர் பந்தலை விட்டே ஓடியிருப்பார். போன வருஷம் ஞாயிறும் புதனும் அதுதான் என் வேலையாக இருந்தது. பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. கால் கொஞ்சம் தேறி, கோல் ஊன்றி வீட்டுக்குள் நடந்தார். கை தேறவில்லை. பேச்சு 'ம்', 'ஊஹூம்' என்பதோடு நின்றுவிட்டது. டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, "இத்த அமுக்கிகினே இருங்க, கை வரும்" என்று சொல்லி அனுப்பினார். நான் கெஞ்சினேன், திட்டினேன், அழுதும் பார்த்தேன். அவர் பந்தைத் தொடவில்லை. அது ஜன்னலில் தூசி படிந்து கிடந்தது. கை வராததைவிட எனக்கு அதுதான் பயம். மனிதர் தன்னையே கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு சேவூரில். உள் அறையில் பட்டுத் தறி. அவர் விழுந்த அன்று பாதியில் நின்ற புடவை அதிலேயே இருந்தது. ஆள் தேறி வரட்டும் என்று, நெய்யக் கொடுத்த முதலாளியும் விட்டுவிட்டார். நான் பழைய போர்வை ஒன்றைத் தறிமேல் போர்த்தினேன். பிறகு அந்தப் பக்கம் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. காலையில் சோற்றை மூடிவைத்துவிட்டு டவுன் பஸ் பிடித்து ஆரணிக்குப் போவேன். அங்கே ஒரு பட்டுக்கடையில் வருகிற புடவைகளை விரித்துக் குறை பார்ப்பது என் வேலை. இழை அறுந்தது, கரை கோணியது, புட்டாப் பூ விட்டுப்போனது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. சாயங்காலம்தான் திரும்புவேன்.

சவரத்துக்கு முதலில் பிளாஸ்டிக் ரேசரைத்தான் எடுத்தேன். தொங்கிப்போன வலது கன்னத்தின் மடிப்பில் அது மாட்டி இழுத்தது. ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். சின்னக் கீறல்தான், துண்டு நனைந்தும் நிற்கவில்லை. மெஷின் வாங்கினேன். அதன் சத்தம் கேட்டாலே தலையைத் திருப்பிக்கொண்டார். எங்கள் மகனுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஏதோ ஆசையில் பழையகால சவரக்கத்தி ஒன்றை வாங்கிவிட்டு, அடுத்த மாதமே தாடி வளர்க்க ஆரம்பித்தவன் அவன். அந்தக் கத்தியையும், தீட்டுகிற தோல் வாரையும், சிவப்பு ஒன்று பச்சை ஒன்று என இரண்டு டியூப் பேஸ்ட்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

நன்றாகத் தீட்டிய கத்தி தோலை இழுக்காது. மடிப்பை விரலால் நீட்டிப் பிடித்துக்கொண்டால் போதும். அவரும் முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். வேறெதற்கும் சம்மதிக்காத மனிதர் இதற்காவது சம்மதிக்கிறாரே என்று நான் அந்தக் கத்தியைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் தீட்டுவது எப்படி? போனில் ஒரு வீடியோ சிவப்பை முதலில் போட்டுப் பச்சையில் முடி என்றது. அடுத்த வீடியோ பச்சை முதல் என்றது. மூன்றாவது ஆள் பேஸ்ட்டே வேண்டாம், வெறும் தோல் போதும் என்றான். மூன்று பேருமே வழவழவென்ற முகத்தோடு சிரித்தார்கள். யாரை நம்புவது?

இதில் நானும் என் பங்குக்கு ஒரு காரியம் செய்தேன். வாரின் ஒரு பக்கம் தோல், இன்னொரு பக்கம் முரட்டுக் கித்தான். பட்டு நெய்கிற வீட்டில் கித்தானில் கத்தி தீட்டுவதா என்று எனக்கு ரோஷம். பழைய புடவையிலிருந்து ஒரு பட்டுத் துண்டை வெட்டி, மடித்து, கித்தான்மேல் இழுத்துத் தைத்துவிட்டேன். கூர் பார்ப்பதும் எங்கள் வழியில்தான். கையில் உள்ள மயிரை மழித்துப் பார்க்கச் சொன்னான் மகன். எனக்கு அது அருவருப்பு. ஒற்றைப் பட்டிழையை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, கத்தியை அதன்மேல் சும்மா வைப்பேன். சரியாகத் தீட்டியிருந்தால் இழை தானே இரண்டாகும்.

ஞாயிற்றுக்கிழமை சவரம் முடித்து, தீட்டி, இழையை வெட்டிப் பார்த்துத்தான் கத்தியை அலமாரியில் வைப்பேன். புதன்கிழமை எடுத்தால் மொக்கை. கன்னத்தில் வைத்ததும் இழுக்கும். அவர் கண்ணை மூடிக்கொள்வார். மறுபடி தீட்டுவேன். அடுத்த ஞாயிறு மறுபடி மொக்கை. ஒரு மாமாங்கம் வேலை செய்த கத்திபோல ஆகிவிடும். இதில் இன்னொரு மர்மம், பேஸ்ட். கடுகளவு போதும் என்று கடுகளவுதான் வைக்கிறேன். சிவப்பு டியூப் மட்டும் ஒட்டிப்போய்க்கொண்டே வந்தது. எலி தின்னுமா இதை என்றுகூட யோசித்தேன்.

அவர் முகத்தில் நுரையோடு உட்கார்ந்திருக்க, நான் மகனிடம் போனில் சண்டை போடுவேன்.

"நீ அழுத்தித் தேய்க்கறம்மா. அது கத்தி, அம்மி இல்ல."

"அப்ப நீ வந்து தேய்டா. அங்க உக்காந்துகினு பேச எனுக்கும் தெரியும்."

"எத்த மொதல்ல போட்ட?"

"பச்ச."

"செவப்புதானம்மா மொதல்ல?"

"போன வாரம் நீதானடா பச்சன்ன!"

"நான் எப்ப சொன்னேன்?"

பேஜாரு பிடித்த பிழைப்பு. அவரோ எனக்கும் கத்திக்கும் நடப்பதில் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு புதன்கிழமை காலையில் அவர் பின்பக்கம் குளித்துக்கொண்டிருந்தார். நான் வாரைத் துடைத்தேன். சிவப்புக் கறைக்குள் ஏதோ மின்னியது. ஊசியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தால், ஜரிகைத் துணுக்கு. சரி, நான் தைத்த பட்டுத் துண்டுதான் வினை என்று அதைப் பிரித்து எறியப்போனேன். அதில் ஜரிகையே இல்லை. புடவையின் வெற்று உடலைத்தான் வெட்டியிருந்தேன். கத்தியைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் வெள்ளை வெள்ளையாகச் சின்னப் பொளிகள். ஜரிகை என்பது பட்டின்மேல் சுற்றிய உலோகம்தானே, அதை வெட்டினால் இப்படித்தான் ஆகும். ஆனால் எங்கள் வீட்டில் ஜரிகையை யார் வெட்டுகிறார்கள்? தறி நின்று மாதக்கணக்காகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. போய்ப் போர்வையைத் தூக்கினேன்.

புடவை வளர்ந்திருந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து ஒரு சாண். கடையில் என் முன்னால் வந்திருந்தால் அப்படியே சுருட்டித் திருப்பியிருப்பேன். ஓரிடம் கல்லாக இறுகி, ஓரிடம் சல்லடையாகத் தளர்ந்து, கரை பாம்பாக நெளிந்திருந்தது. ஆனால் புட்டாக்களில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜரிகை வால்களெல்லாம் சுத்தமாக நறுக்கப்பட்டிருந்தன. கத்தரி அதன் ஆணியிலேயே தொங்கியது. எடுத்து இடது கையில் போட்டு ஒரு நூலை வெட்டிப் பார்த்தேன். வலது கைக்குச் செய்த கத்தரி, நூலை வெட்டாமல் மென்றது. சவரக்கத்திக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஊடிழையைக் கொண்டுபோகும் நாடாவை ஓடவிட இழுக்கும் கயிற்றின் பிடியில், துண்டுக் கிழிசல் ஒன்று வளையமாகக் கட்டியிருந்தது. என் கையை நுழைத்துப் பார்த்தேன். மணிக்கட்டுவரை போய் நின்றது. எதையும் பிடிக்க வராத கையை இதில் மாட்டிக்கொண்டு, தோளால் இழுத்திருக்கிறார். கிழிசலின் உள்பக்கம் வியர்வையில் கறுத்துப்போயிருந்தது.

சந்தோஷமா கோபமா என்று எனக்கே பிடிபடவில்லை. ஒரு பந்தை அமுக்க முடியாது, தறியை இழுக்க முடியுமா? அதுவும் எனக்குத் தெரியாமல்? என்னிடம் என்ன ஒளிவு? அந்த நெளிந்த கரையைத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. நாள் முழுக்க அடுத்தவர் நெசவில் குறை பார்த்துவிட்டு வருகிறவளிடம் இதை எப்படிக் காட்டுவார்? போர்வையை இருந்தபடியே மூடினேன்.

அவர் வந்து உட்கார்ந்தார். நுரை போட்டேன். கத்தி மொக்கை என்று தெரியும், அதனால் வாரை ஜன்னல் கம்பியில் மாட்டிப் பச்சை டியூபை எடுத்தேன்.

"ஊஹூம்."

நுரை வாயில் போய்விட்டதோ என்று துண்டை எடுத்தேன். அவர் தலையை ஆட்டினார். உதடு கோணி, எச்சில் வழிய, ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

"செவப்பு… மொதல்ல. பச்ச… அப்பறம்."

விழுந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு அது. பேசிய பிறகுதான், தான் மாட்டிக்கொண்டது அவருக்கே தெரிந்தது. சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பினார். நுரைக்கு மேலே காது மட்டும் சிவந்திருந்தது. எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. சிவப்பைத் தடவினேன், அதிலேயே வெகுநேரம் தீட்டினேன், பிறகு பச்சை. இழை இரண்டாகி விழுந்தது. கன்னத்தில் கத்தி போனதே தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கத்தியை அலமாரியில் வைக்காமல், தறியின் இடது பக்கம் போர்வைமேல் வைத்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன்.

"கரைய நான் பாக்கலைங்க. முடிச்சிட்டு நீங்களே காட்டுங்க."

படியிறங்கி நடந்தேன். தெருவில் இரண்டு பக்கமும் தறிகள் அடித்துக்கொண்டிருந்தன. அத்தனை சத்தத்திலும் எங்கள் தறி எனக்குத் தெரியாதா? தெருமுனைக்குப் போவதற்குள் பின்னால் எங்கள் தறியின் ஒரே ஒரு அடி கேட்டது. அடுத்தது வருமா வராதா என்று நின்றுகொண்டே இருந்தேன். அது வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது.