மூன்றாம் நாள் படம்

வழக்கம்போல் சென்னைக்கு அனுப்ப வேண்டிய செய்திக் கட்டுடன் திண்டிவனம் ஸ்டேஷனில் நின்றிருந்தேன். விழுப்புரத்திலிருந்து வந்த காலை வண்டி நின்றது. கார்டு இறங்கி வெறுங்கையுடன் என்னிடம் வந்தார்.

"படத் தகடு எங்கே?" என்றேன்.

"இனிமே வராதுங்க டீச்சரம்மா. நம்ம படக்காரரு காய்ச்சல்ல போயிட்டாரு. நேத்து மண்ணுல வெச்சிட்டு வந்தோம்."

கட்டை வாங்கிக்கொண்டார். வண்டி கிளம்பிவிட்டது.

படக்காரர் அருளப்பனுடன் பழகிய உங்களில் யாரும் அவர் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டீர்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே பத்திரிகைக்கு நான் செய்தி எழுதினேன், அவர் படம் எடுத்தார். என் பள்ளிக்கூட அறையில் அவருக்காகப் போட்ட நாற்காலி காலியாகவே கிடக்கும். தேநீரை ஜன்னலோரம் நின்று குடிப்பார். கண் தெருவில் இருக்கும். உட்காரச் சொன்னால், "உக்காந்தா கண்ணும் உக்காந்துக்கும்ங்க" என்பார். விழுப்புரம் ஜங்ஷனில் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும் நேரத்துக்குள், காமிரா முக்காலியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைசிப் பெட்டிவரை ஓடி, தலைவர்களை இறங்கவைத்துப் படமெடுத்துவிடுவார். பத்திரிகையில் ஒருநாளும் அவர் பெயர் வந்ததில்லை. கேட்டால், "பேரு வந்தா அடுத்த கூட்டத்துல உள்ள வுட மாட்டானுங்க" என்று சிரிப்பார்.

எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. நடந்து முடிந்ததை மறுபடி நடத்தச் சொல்லிப் படமெடுப்பது அவர் வழக்கம். கெடாரில் ஒரு பொதுக் கிணற்றைத் திறக்க வந்த அதிகாரி முதல் வாளியைத் தூக்கியபோது மேகம் மறைத்துவிட்டது. தண்ணீரைக் கிணற்றிலேயே கொட்டச் சொல்லி, வெயில் வந்ததும் மறுபடி இறைக்கவைத்தார். நான் கல்லூரியில் சரித்திரம் படித்தவள். இது செய்தி அல்ல, நாடகம் என்றேன்.

"நடந்ததுதாங்கம்மா. கொஞ்சம் லேட்டா நடந்துது."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. இப்போதும் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உலகப் போருக்குச் சற்று முன், கோயில்கள் எல்லோருக்கும் திறக்கப்பட்ட சமயம். காணைக்கு அப்பால் ஒரு சிற்றூருக்கு நாங்கள் போயிருந்தோம். அதிகாரி காரில் வந்தார். தர்மகர்த்தா மாலையோடு நின்றார். சேரி மக்களை வரிசையாக உள்ளே அழைத்துப்போனார்கள். அருளப்பன் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அதனால் வாசலுக்கு வெளியே முக்காலியை நிறுத்திக்கொண்டார். போன வேகத்திலேயே வரிசை திரும்பி வந்தது. அதிகாரியின் காரும் போய்விட்டது.

பச்சையம்மாள் என்று மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கும் பெண் ஒருத்தி, இடுப்பில் குழந்தையோடு நின்றாள். "சாமிய எங்க பாத்தேன்? ஆபீசரு முதுவத்தான் பாத்தேன்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தர்மகர்த்தாவைப் பார்த்து, "நாளைக்கு வந்து பாத்துக்கினு போவட்டுங்களா?" என்று கேட்டாள்.

"அதான் ஒரு தபா உள்ள வந்தாச்சே. படமும் புடிச்சாச்சு. சும்மா சும்மா இன்னா?"

சிரிப்பு நின்றது. திறந்த கதவு அன்றைக்கே மூடிக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்காலியை மடக்கிக்கொண்டிருந்த அருளப்பன் நிமிர்ந்தார்.

"படம் விழலைங்க."

"இன்னாய்யா சொல்ற?"

"வெயிலு குறுக்க வந்துட்டுதுங்க. பெரிய பேஜாரா போச்சு. நாளைக்கு இவங்க மறுபடி உள்ள போனாத்தான் பேப்பர்ல வரும். ஐயா படமும் அதுலதானே இருக்குது?"

தகட்டை மருந்தில் கழுவாமல் படம் விழுந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தர்மகர்த்தாவுக்கு அது தெரியாது. அவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். "நாளைக்கு ஜல்தியா முடிச்சிடணும்" என்றார்.

மறுநாள் அதிகாரி இல்லை. ஊர்க்காரர்கள் சிலர் கைகட்டி வாசலில் நின்றார்கள். அருளப்பன் கறுப்புத் துணிக்குள்ளிருந்து, "என்னைப் பாக்காதீங்க, நேரா போங்க" என்று குரல் கொடுத்தார். பச்சையம்மாள் நேரே போனாள். தீபாராதனை முடிந்துதான் திரும்பினாள்.

"விழுந்துச்சாய்யா?" என்றார் தர்மகர்த்தா.

"இல்லைங்க. கொழந்த அசைஞ்சிடுச்சு."

"இன்னா படக்காரரே, எம்புள்ள மேல பழி போடறீங்க?" என்று சிரித்தாள் அவள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அந்தச் சிரிப்பில் தெரிந்தது.

மூன்றாம் நாள் எங்கள் சைக்கிள்கள் சேற்றில் மாட்டித் தாமதமாகிவிட்டது. அவர் அன்று போல் பதறி நான் பார்த்ததில்லை. நாங்கள் இல்லாமல் அவர்களைத் தடுத்திருப்பார்களோ என்று வழியெல்லாம் புலம்பினார். போய்ச் சேர்ந்தபோது அவர்கள் தேங்காய் மூடிகளோடு, நெற்றியில் குங்குமத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எங்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. புது வேட்டியில் நின்ற தர்மகர்த்தா, "லேட்டா வந்துட்டியே, திரும்பி உள்ள அனுப்பட்டுமா?" என்று அவரே கேட்டார்.

அருளப்பன் வேண்டாமென்று தலையசைத்தார். வெளியே வருகிறவர்களை அப்படியே எடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக யாரையும் மறுபடி செய்யச் சொல்லவில்லை.

அந்த ஊரில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். தேநீர்க் கடையில் குவளை இன்னும் தனியாகத்தான் தொங்குகிறது. கோயில் வாசல் மட்டும் மறுபடி மூடவில்லை.

வெகுகாலம் கழித்து ஒருநாள் ஸ்டேஷனில் அவரிடம் கேட்டேன், முதல் நாள் தகட்டைக் கழுவிப் பார்த்தீர்களா என்று. வண்டியின் ஓசை கேட்டு ஏற்கெனவே பிளாட்பாரத்தில் நடக்கத் தொடங்கியிருந்தார்.

"பாத்திருந்தா விழுந்திருக்கும்ங்கம்மா" என்றார்.

அந்த மூன்றாம் நாள் படம் என் மேசையில் இருக்கிறது. 'முதன்முறையாக ஆலயப் பிரவேசம்' என்று பத்திரிகை அதன் கீழே அச்சிட்டிருக்கிறது. முதன்முறையும் இல்லை, பிரவேசமும் இல்லை. படத்தில் பச்சையம்மாள் வெளியே வருகிறாள். குழந்தை அசைந்திருக்கிறது.