மூன்று மடங்கு ரூபேந்திரன்

மலேசியாவின் மாசாய் ஊரில் ரூபேந்திரனைத் தெரியாதவர்கள் குறைவு. பாசிர் கூடாங் எண்ணெய்த் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார் என்பதற்காக அல்ல. தைப்பூசத்தன்று கோயில் வாசலில் அளவு நாடாவும் கையுமாக நின்று காவடிகளை அளப்பவர் அவர்தான். தெருவின் குறுக்கே கரண்ட் கம்பி போகிறது. ஆகவே ஒன்பது அடிக்கு மேல் எந்தக் காவடியும் தாண்டக் கூடாது.

போன வருஷம் லோரி ஓட்டும் செல்வா பத்தரை அடியில் ஒன்றைச் சுமந்து வந்து நின்றான்.

"என் நேர்த்தி, என் முதுகு. உங்களுக்கு என்னண்ணே?" என்றான்.

"முதுகு உன்னுதுதான் தம்பி. கம்பி ஊருக்கே பொது லா," என்று சொல்லிக்கொண்டே, உச்சிக் கோபுரத்தைத் தம் கையாலேயே கழற்றி எடுத்தார் ரூபேந்திரன். முருகன் கோபித்துக்கொள்ளவில்லை. செல்வாதான் ஒரு மாதம் பேசவில்லை.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் மூன்று மடங்கு ஆசை வந்தது. தொழிற்சாலை கேன்டீனில் காதில் விழுந்த சங்கதி. கைக்காசோடு கடன் காசையும் சேர்த்துப் போட்டு ஓட்டுகிற ஒரு முதலீட்டு நிதி இருக்கிறதாம். வெளிநாட்டுப் பங்குச் சந்தை ஒரு நாளில் ஒரு சதவீதம் ஏறினால் இது மூன்று சதவீதம் ஏறுமாம். இறங்கினாலும் அப்படியே என்பதையும் சொன்னார்கள். அப்போது அவர் தேத்தண்ணி வாங்க எழுந்து போயிருந்தார்.

கைப்பேசியில் வாங்கப் போனால், பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லித் தேறினால்தான் விற்போம் என்றது கம்பெனி. அரசாங்க விதியாம். அன்றிலிருந்து ஒரு வாரம் வீட்டில் அதே பேச்சுதான். உழைத்தவன் காசை எங்கே போடுவது என்று உழைத்தவனுக்குத் தெரியாதா, நாலு நம்பர் லாட்டரிக் கடையில் யாராவது கேள்வி கேட்டுவிட்டா டிக்கெட் கொடுக்கிறான் என்று குமுறினார். மனைவி பிரேமலாவுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

ஆறாவது கேள்வியில் இடறினார். சந்தை இறங்கி மறுபடி பழைய இடத்துக்கே வந்தால், உங்கள் காசும் பழைய இடத்துக்கு வருமா? வரும் என்று அழுத்தினார், தவறு என்றது. இன்னொரு முறை எழுத விட்டார்கள். வராது என்று அழுத்தினார், தேறிவிட்டார். ஏன் வராது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

போடப்போவது எந்தக் காசு என்று பிரேமலாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. அடுப்படிக் கூரைக்கென்று வைத்திருந்த பன்னிரண்டாயிரம் வெள்ளி. மழை வந்தால் குழம்புச் சட்டிக்குள்ளும் சொட்டுகிற கூரை அது. அவள் சண்டை போடவில்லை. மாவு சலித்தபடியே கேட்டாள்:

"உங்க முதுகு உங்களுதுதாங்க. இந்தக் கூரை முதுகா, கம்பியா?"

ரூபேந்திரன் வெளியே போய் மோட்டார் சைக்கிளை வெகுநேரம் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த வண்டிதான். மறுநாள் கூரைக்காரன் வந்து அளந்துவிட்டுப் போனான்.

ஓவர்டைமில் சேர்ந்த இரண்டாயிரத்தை மட்டும் மூன்று மடங்கில் போட்டார். அதை யாரும் தடுக்கவில்லை. ராகு காலம் தவிர்த்துத்தான் வாங்கினார். அந்தச் சந்தை இருக்கும் தேசத்தில் அப்போது என்ன காலம் என்று பார்க்கத் தோன்றவில்லை.

நாலு மாதம் சந்தை இறங்கியது, ஏறியது. பழைய இடத்துக்கே வந்துவிட்டது என்று கேன்டீனில் சொன்னார்கள். ரூபேந்திரன் சந்தோஷமாகக் கைப்பேசியைத் திறந்தார். ஆயிரத்து எழுநூற்று அறுபதுதான் இருந்தது. மீதியை யார் எடுத்தது என்று கம்பெனிக்குப் போன் போட்டுப் பணிவாகவே கேட்டார். அங்கிருந்த பெண்ணும் பணிவாகவே ஆறாவது கேள்வியை வாசித்துக் காட்டினாள். நூறு வெள்ளி முப்பது சதவீதம் இறங்கி எழுபதானால், மறுநாள் முப்பத்து மூன்று சதவீதம் ஏறினாலும் தொண்ணூற்று மூன்றுதானே சார் என்று கணக்கும் சொன்னாள்.

அவர் வருத்தப்படவில்லை. "என் காசு, நானா போய்க் கேட்டு வாங்கினது," என்று இன்றைக்கும் சொல்கிறார். விற்கவும் இல்லை. புதுக் கூரையின் கீழ் உட்கார்ந்துதான் அதைச் சொல்கிறார்.

இந்தத் தைப்பூசத்துக்குச் செல்வாவின் காவடி சரியாக ஒன்பது அடி. நாடா உச்சியைத் தொட்டுக்கொண்டிருக்கும்போதே அவன் மெல்லக் கேட்டான்.

"அண்ணே, அந்த மூணு மடங்கு எப்படி வாங்குறது?"

"மொதல்ல ஒரு கேள்விக்குப் பதில் சொல்லு தம்பி. நீ போடப்போற காசு முதுகா, கம்பியா?"

"என் காசுண்ணே..."

பின்னால் பதினேழு காவடிகள் காத்து நின்றன. பதில் வரும்வரை ரூபேந்திரன் நாடாவைச் சுருட்டுவதாக இல்லை.